லாச்சியில் கிடந்த இரண்டு சிவப்புக் கத்திகள்

வாசகத் தம்பி ஒருவர் கேட்டது இதுதான். அப்பா தவறிய பிறகு அவருடைய மேசை லாச்சியைத் துப்புரவாக்கும்போது இரண்டு சிவப்பு வில்லுக்கத்திகள் கிடைத்தனவாம். இரண்டிலும் வெள்ளைச் சிலுவை. ஒன்றில் சிலுவை கேடய வடிவத்துக்குள் இருக்கிறது, மற்றதில் மூலை உருண்ட சதுரத்துக்குள். எது அசல், எது போலி? இந்தக் கத்தி செய்கிற சுவிஸ் கம்பெனி 140 வருடமாக ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது என்கிறார்களே, கொழும்பு பழைய சோனகத் தெருவில் எங்கள் கடை மூன்றாம் தலைமுறையைக் காணவில்லை, அவர்களால் மட்டும் எப்படி முடிந்தது?

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கம். இரண்டுமே அசல். கேடயம் உள்ளது விக்டோரினொக்ஸ், சதுரம் உள்ளது வெங்கர். இரண்டு கம்பெனிகளும் சுவிஸ் இராணுவத்துக்கே கத்தி கொடுத்தவை. இரண்டாவது கேள்விக்கு நீளமாகத்தான் எழுத வேண்டும். நானும் அதே தெருவில், அப்பப்பாவின் இரும்புக் கடையில் பில் எழுதிப் பழகியவன். மண்வெட்டி, அலவாங்கு, குறடு, திருப்புளி எல்லாம் விற்றோம். கத்திகள் மட்டும் கல்லாவுக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும், அப்பப்பா வேறு யாரையும் அதைத் தொட விடமாட்டார். அதனால் இந்தக் கேள்வியை என்னால் சும்மா கடந்து போக முடியவில்லை.

விக்டோரினொக்ஸைத் தொடங்கிய கார்ல் எல்செனர் 1860இல் பிறந்தவர். தகப்பன் தொப்பி செய்கிறவர். மகன் அந்தத் தொழிலுக்குப் போகாமல் சூக் என்ற ஊரில் கத்தித் தொழில் பழகினார். பிறகு பாரிஸிலும் தென் ஜெர்மனியின் டுட்லிங்கனிலும் கூலிக்கு வேலை செய்து கையைத் தீட்டிக்கொண்டார். 1884இல் ஷ்விட்ஸ் மாநிலத்தில் இபாக் என்ற கிராமத்தில் சொந்தப் பட்டறை போட்டார். பக்கத்தில் ஓடிய டோபெல்பாக் ஓடைதான் பட்டறைக்கு இயந்திரம். ஓடைத் தண்ணீர் சக்கரத்தைச் சுற்றியது, சக்கரம் சாணைக்கல்லைச் சுற்றியது.

இதை வாசித்தபோது எனக்கு எங்கள் சமனலவெவ நினைவுக்கு வந்தது. பலாங்கொடைப் பக்கத்து மலைச்சரிவுகளில் தென்மேல் பருவக்காற்றையே துருத்தியாக வைத்து இரும்பு உருக்கிய பழைய உலைகளை கில் ஜுலெஃப் என்ற தொல்லியலாளர் கண்டுபிடித்து 1996இல் எழுதினார். கி.பி. 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரையான உலைகள் அவை. சரந்தீபு, அதாவது இலங்கை, உருக்கில் செய்த வாள்களைப் பற்றி 9ஆம் நூற்றாண்டு அரபு அறிஞர் அல்-கிந்தியும் எழுதியிருக்கிறார். உருக்கு வேலை இந்தத் தீவுக்குப் புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன். சரி, இபாக்குக்குத் திரும்புவோம்.

பட்டறையோடு சேர்ந்த கடையில் நின்று விற்றது கார்லின் தாயார் விக்டோரியா. அந்தக் காலத்து ஷ்விட்ஸ் வறுமைப்பட்ட மாநிலம். பிழைப்புத் தேடிக் கடல் கடந்து போனவர்கள் அங்கே ஏராளம். நூறு வருடம் கழித்து எங்கள் ஆட்கள் அகதிகளாக அதே நாட்டுக்குப் போய் இறங்கினார்கள். ஊருக்குள்ளேயே வேலை உண்டாக்க வேண்டும் என்பது எல்செனரின் ஆசை. அதற்கு வாய்ப்பாக வந்தது இராணுவக் கத்தி.

சுவிஸ் இராணுவம் 1889இல் ஷ்மிட்-ரூபின் என்ற புது ரைபிளை எடுத்தது. அதைக் கழற்றிப் பூட்ட ஒரு திருப்புளி வேண்டும். சாப்பாட்டு டின்னைத் திறக்கவும் ஒன்று வேண்டும். எல்லாம் ஒரே கத்தியில் இருக்கட்டும் என்று தீர்மானித்தார்கள். வெட்டும் அலகு, துளையிடும் ஊசி, டின் திறப்பான், திருப்புளி, கறுத்த ஓக் மரப்பிடி. ஆனால் அவ்வளவு கத்தியைச் செய்து கொடுக்க சுவிஸில் ஒரு பட்டறைக்கும் வலு இல்லை. முதல் 15,000 கத்திகள் ஜெர்மனியின் சோலிங்கனிலிருந்துதான் வந்தன. சுவிஸ் சிப்பாயின் சட்டைப்பையில் ஜெர்மன் கத்தி.

எல்செனருக்கு அது பொறுக்கவில்லை. நாட்டிலிருந்த சின்னச் சின்னக் கத்திப் பட்டறைக்காரர்களை ஒரு சங்கமாகச் சேர்த்தார். எல்லோரும் வேலையைப் பங்கிட்டு 1891இல் முதல் தொகுதியை இராணுவத்துக்குக் கொடுத்தார்கள். ஆனால் சோலிங்கன் தொழிற்சாலை விலையோடு கைப்பட்டறை விலை போட்டி போட முடியுமா? கொஞ்ச நாளில் மற்றவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். எல்செனர் மட்டும் விடவில்லை. கைக்காசு முழுவதும் போனது, கடன் கழுத்து வரை வந்தது. சொந்தக்காரர்கள் கைகொடுத்தபடியால்தான் பட்டறை பூட்டுப்படாமல் தப்பியது. இந்த இடத்தை வாசகர்கள் வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள், நான் தாண்ட மாட்டேன். வியாபாரம் சறுக்கியபோது பங்கைப் பிரி என்று வராமல் கைமாற்றுக் கொடுத்த சொந்தங்கள் அவருக்கு இருந்தன.

அவரை மீட்டெடுத்தது இரண்டாவது கத்தி. சிப்பாய்க் கத்தி உறுதியானது, ஆனால் பாரம். அதிகாரிகளுக்கென்று மெல்லியதாக, இன்னொரு சின்ன அலகும் போத்தல் தக்கையைப் பிடுங்கும் தக்கைத் திருகும் சேர்த்து ஒன்றை வடிவமைத்து, 1897 ஜூன் 12இல் சட்டப்படி பதிந்தார். இராணுவம் அதைச் சீருடையோடு கொடுக்கவில்லை, அதிகாரிகள் கடையில் சொந்தக் காசுக்கு வாங்கினார்கள். உங்கள் லாச்சியில் இருக்கிற இரண்டும் அந்தக் கத்தியின் வம்சம்தான்.

இப்போது ஒரு வேலை செய்யுங்கள். கத்தியைக் கையில் எடுத்து, பெரிய அலகைத் திறக்காமல் முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். வெள்ளி நிறத்தில் நீளமான பட்டைகள் தெரியும், அவைதான் வில்கள். வில்லுக்கத்தி என்ற பெயரே அதனால்தான். இனி அலகை மெதுவாகத் திறவுங்கள். பாதி வரை வில் எதிர்த்து மேலே எழும்பும், முழுதாகத் திறந்ததும் ‘டக்’கென்று பழைய இடத்தில் படியும். இப்போது மறுபக்கம் தக்கைத் திருகைத் திறந்து பாருங்கள். அதே பட்டைதான் அதையும் தாங்குகிறது. எல்செனரின் கெட்டித்தனம் இங்கேதான். ஒரு வில்லை வயிற்றுப் பக்கக் கருவிகளுக்கும் முதுகுப் பக்கக் கருவிகளுக்கும் பொதுவாக்கினார். இரண்டே வில்களில் ஆறு கருவிகள். இரும்பு குறைந்தது, பாரம் குறைந்தது, பை கிழியாத கத்தி பிறந்தது. அப்பப்பாவும் புதுக் கத்தி வந்தால் முதலில் பார்ப்பது கூர்மையை அல்ல. காதோடு வைத்துத் திறந்து மூடி அந்தச் சத்தத்தைத்தான் கேட்பார். சத்தம் மழுங்கலாக இருந்தால் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவார்.

1909இல் தாயார் இறந்தார். அந்த வருடமே கம்பெனிக்கு விக்டோரியா என்று பெயர் வைத்தார் மகன். சிலுவையும் கேடயமும் கொண்ட சின்னம் பதிவானதும் அதே வருடம். 1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹரி பிரேயர்லி துருப்பிடிக்காத உருக்கைக் கண்டுபிடித்திருந்தார். 1921இல் அந்த உருக்கு இபாக்குக்கும் வந்தது. துருப்பிடிக்காத உருக்குக்கு பிரெஞ்சில் சுருக்கமாக ‘இனொக்ஸ்’ என்பார்கள். விக்டோரியாவும் இனொக்ஸும் சேர்ந்து விக்டோரினொக்ஸ் ஆனது. பாதி தாயின் பெயர், பாதி உருக்கின் பெயர். கார்ல் எல்செனர் அதைப் பார்க்க இருக்கவில்லை, 1918இல் காலமாகிவிட்டார். அவருக்குப் பிறகு நடத்திய மகனுக்கும் கார்ல் என்றுதான் பெயர். அவர் மகனும் கார்ல், பேரனும் கார்ல். இப்போது நடத்துகிறவர் நாலாவது கார்ல்.

இரண்டாவது கார்ல் பற்றி அதிகம் பேசப்படுவதில்லை. என் கணக்கில் குடும்பத்தில் மிகப் பெரிய முதலீட்டைச் செய்தவர் அவர்தான். 1931இல் பிரவுன் பொவேரி என்ற மின்பொறிக் கம்பெனியைக் கொண்டு, உருக்கைப் பதப்படுத்துவதற்கு முழுவதும் மின்சாரத்தில் இயங்கும் உலைக்கூடத்தை இபாக்கில் அமைத்தார். உலகத்திலேயே அந்த வகையில் அதுதான் முதல். கொல்லுலையில் இரும்பின் நிறம் பார்த்து, செம்மஞ்சளா, கருஞ்சிவப்பா என்று கண்ணால் மதிப்பிட்டுத் தண்ணீரில் தோய்ப்பதுதான் பழைய முறை. ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். மின் உலையில் சூடு மாறாது. இன்றைக்கு அவர்கள் அலகை 1040 பாகை செல்சியஸில் கடினமாக்கி, 160 பாகையில் திரும்பப் பதம் கொடுக்கிறார்கள். உருக்கின் கடினத்தைச் சொல்லும் ரொக்வெல் அளவில் அலகு 56. மரம் அறுக்கும் வாளும் கத்தரிக்கோலும் அரமும் 53. திருப்புளியும் டின் திறப்பானும் 52. தக்கைத் திருகும் வில்லும் 49.

இந்த எண்களை ஏன் எழுதுகிறேன் என்றால், ஒரே கத்திக்குள் நாலு விதமான பதம் இருக்கிறது. அலகு கடினமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கூர் நிற்காது. வில் அவ்வளவு கடினமாக இருந்தால் முறிந்துவிடும், அது வளைந்து கொடுக்க வேண்டும். போலிக் கத்தி தோற்பதே இங்கேதான். எல்லாப் பாகத்தையும் ஒரே தகட்டில் வெட்டி ஒரே உலையில் போட்டு எடுப்பார்கள். பார்வைக்கு ஒன்றுதான், ஆறு மாதத்தில் அலகு ஆடத் தொடங்கும். 1970க்கும் 77க்கும் இடையில் இறக்குமதி கட்டுப்பாடு இறுகியிருந்த காலத்தில் எங்கள் கடைக்கு வெளிநாட்டுக் கத்தியே வரவில்லை. லொறி ஸ்பிரிங் தகட்டை அடித்துக் கொல்லர்கள் செய்து தந்த கத்திகளைத்தான் விற்றோம். நல்ல கொல்லன் கையில் வந்த ஸ்பிரிங் கத்தி எந்த சோலிங்கன் கத்திக்கும் இளைத்ததல்ல. ஆனால் அடுத்த கிழமை அவரே செய்து தந்தது வேறு மாதிரி இருக்கும். எல்செனர்கள் கடந்து வந்தது இந்தத் தடையைத்தான்.

இனி உங்களிடம் இருக்கிற சதுரச் சின்னத்தின் கதை. 1893இல் சுவிஸின் பிரெஞ்சு பேசும் பக்கத்திலிருந்து இரண்டாவது கம்பெனி ஒன்று இராணுவத்துக்குக் கத்தி கொடுக்க ஆரம்பித்தது. பிற்காலத்தில் தெயொடோர் வெங்கர் பொறுப்பேற்று அதற்குத் தன் பெயரை வைத்தார், டெலேமோன் நகரம் அதன் இடமானது. ஜெர்மன் பேசும் பக்கத்துக்கும் பிரெஞ்சு பேசும் பக்கத்துக்கும் மனக்கசப்பு வரக்கூடாது என்று 1908இலிருந்து அரசாங்கம் வேலையை இரண்டாகப் பிரித்துக் கொடுத்தது. இரண்டு மொழிக்காரரும் ஒரே சட்டைப்பையில் இருக்க ஒரு நாடு எடுத்த ஏற்பாடு அது. எங்கள் நாட்டில் வாழ்ந்தவர்களுக்கு அதன் அருமை விளங்கும். விளம்பரத்தில் விக்டோரினொக்ஸ் தன்னை ‘ஒரிஜினல்’ என்றது, வெங்கர் தன்னை ‘ஜெனுயின்’ என்றது. அப்படியே நூறு வருடம் ஓடியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் நின்ற அமெரிக்கச் சிப்பாய்கள் இந்தக் கத்தியைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் போனார்கள். ‘ஒஃபிட்சியர்ஸ்மெசர்’ என்ற ஜெர்மன் பெயர் அவர்கள் வாயில் நுழையாமல் ‘சுவிஸ் ஆர்மி நைஃப்’ என்றார்கள், உலகமும் அப்படியே சொல்லிக்கொண்டது.

2001 செப்டெம்பர் 11க்குப் பிறகு விமானத்துக்குள் கத்தி கொண்டு போகத் தடை வந்தது. என் சித்தி கூடச் சுவிஸிலிருந்து வரும்போது மறதியாகக் கைப்பையில் வைத்த கத்தியை வழியில் மாறும் விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தார். எங்கள் வீட்டுக்கு நட்டம் ஒரு கத்தி. எல்செனர்களுக்கு விமான நிலையக் கடைகளே நல்ல வியாபாரம், அது ஒரே இரவில் நின்றது. பொக்கெட் கத்தி விற்பனை 30 வீதத்துக்கு மேல் விழுந்தது. அவர்கள் ஓர் ஆளையும் வேலையால் நிறுத்தவில்லை. மேலதிக நேர வேலையை வெட்டினார்கள், விடுமுறையை முன்கூட்டி எடுக்கச் சொன்னார்கள், வேலையாட்களை அயலிலிருந்த வேறு கம்பெனிகளுக்குச் சில மாதங்கள் இரவல் கொடுத்தார்கள். நல்ல காலத்தில் இலாபத்தைப் பிரித்து எடுக்காமல் ஒதுக்கி வைத்த பணம் இருந்தபடியால் அது சாத்தியமானது. 2005இல் பணக்கஷ்டத்தில் இருந்த வெங்கரையும் அவர்களே வாங்கினார்கள். டெலேமோன் தொழிற்சாலையை மூடவில்லை. 2013இல்தான் வெங்கர் கத்திகள் விக்டோரினொக்ஸ் பெயருக்குள் வந்தன.

இப்போது உங்கள் உண்மையான கேள்வி. மூன்றாவது கார்லுக்கும் மனைவி எலீஸுக்கும் பதினொரு பிள்ளைகள். நாலாவது கார்ல் அவர்களில் ஒருவர். எங்கள் தெருவாக இருந்தால் என்ன நடந்திருக்கும்? பதினொரு பங்கு, பதினொரு சட்டத்தரணி. ஆனால் 2000ஆம் ஆண்டில் அந்தக் குடும்பம் கம்பெனியின் பங்குகளை ஓர் அறக்கட்டளைக்கு எழுதிக்கொடுத்தது. இன்று 90 வீதம் விக்டோரினொக்ஸ் அறக்கட்டளையிடம், மிச்சம் 10 வீதம் பெற்றோர் பெயரில் உள்ள தரும அறக்கட்டளையிடம். ஆகவே உங்கள் கேள்வியிலேயே ஒரு திருத்தம் வேண்டும். கம்பெனி அந்தக் குடும்பத்தின் சொத்து இல்லை. குடும்பம் அதை நடத்துகிறது, சம்பளம் எடுக்கிறது, விற்க முடியாது, பிரிக்கவும் முடியாது. இலாபம் பெரும்பாலும் தொழிலுக்கே திரும்பிப் போகிறது.

இது எங்களுக்குத் தெரியாத ஏற்பாடல்ல. ஊரில் ஒரு குடும்பம் தலைமுறையாகக் கோயிலைப் பார்க்கும். திருவிழா அவர்கள் கையில், சாவி அவர்கள் கையில், ஆனால் சாமியின் காணியை விற்க அவர்களுக்கு உரிமை கிடையாது. எல்செனர்கள் தங்கள் தொழிற்சாலைக்குத் தர்மகர்த்தா ஆகிவிட்டார்கள், அவ்வளவுதான். நாங்கள் கோயிலை அப்படி வைத்தோம், கடையைத் தேடியதேட்டமாக, அதாவது உழைத்துச் சேர்த்த சொத்தாக வைத்தோம், அடுத்த தலைமுறையில் அது முதுசம், அதாவது பரம்பரைச் சொத்து ஆனது, முதுசத்தில் எல்லோருக்கும் பங்கு. பங்கு கேட்ட என் பெரியப்பா பிள்ளைகளை நான் குறை சொல்ல மாட்டேன். அது அவர்கள் உரிமை, அவர்களுக்கும் கலியாணத்துக்குப் பெண்பிள்ளைகள் இருந்தார்கள். அப்பப்பா உயிரோடு இருந்தபோதே உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். மூன்றாவது கார்ல் செய்தது அதைத்தான். தான் இருக்கும்போதே எழுதிவிட்டு, 2007இல் பொறுப்பை மகனிடம் கொடுத்து, 2013இல் 90 வயதில் காலமானார்.

ஒன்றை மட்டும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இந்த ஒப்பீட்டைக் கேட்டு உங்கள் அப்பாவையோ என் அப்பப்பாவையோ குறைவாக நினைக்க வேண்டாம். இரண்டு உலகப் போரிலும் அந்த நாட்டுக்குள் படை நுழையவில்லை. 83 ஜூலைக் கலவரத்தில் எங்கள் தெருவில் எரிந்தது பலகையும் இரும்பும் மட்டுமல்ல. யார் யார் எவ்வளவு தரவேண்டும் என்று எழுதிய கணக்குக் கொப்பிகளும் எரிந்தன. எங்கள் கடை மறுபடி திறந்தபோது அப்பப்பாவுக்கு வயது 71. கண்ணாடிப் பெட்டி இல்லை, கத்திகளைப் பத்திரிகைத் தாளில் சுற்றி வைத்து விற்றார். இபாக்கில் யாரும் அப்படி முதலிலிருந்து தொடங்க வேண்டி வரவில்லை. நல்ல ஏற்பாடு வேண்டும்தான், கூடவே எரியாத தெருவும் வேண்டும்.

போன வருடம் என் அக்காவின் மகன் சூரிச்சிலிருந்து வந்திருந்தான். அங்கே பிறந்தவன், கட்டாய இராணுவப் பயிற்சியும் முடித்தவன். அவனுக்குக் கொடுத்த கத்தியைக் காட்டினான். சிவப்பு இல்லை, பச்சையும் கறுப்புமான பிடி. 111 மில்லிமீற்றர் நீளம், ஒரு கையாலேயே திறக்க அலகில் ஒரு துளை. 2008இல் தெரிவான மாதிரி அது. அலகின் அடியில் செய்த வருடம் குத்தியிருந்தது. நான் காதோடு வைத்துத் திறந்தேன். சத்தம் சரியாக இருந்தது.

உங்கள் கத்திகளுக்கு வருவோம். சதுரச் சின்னக் கத்தியின் அலகு அடியில் ‘வெங்கர் டெலேமோன்’ என்ற எழுத்து இருக்கும், பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். இருந்தால் அது 2013க்கு முந்தியது, இனி அந்தப் பெயரில் வராது. கேடயக் கத்தியைப் பாவனைக்கு எடுங்கள், வெங்கரை வைத்திருங்கள். கொழும்பு உப்புக்காற்றுக்குத் துருப்பிடிக்காத உருக்கும் மூட்டில் கறை பிடிக்கும். இரண்டையும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் முக்கி, தண்ணீருக்குள்ளேயே எல்லாக் கருவியையும் பத்துத் தடவை திறந்து மூடுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம், சில மாதத்தில் பிசுபிசுத்து வில்லைப் பிடித்துவிடும்.